ஜெர்மன் நேயர்களுக்குக் கால்மணி நேரம்

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சின்ன வயதில் கோயிலில் பிரசங்கம் நீண்டால் காலை ஆட்ட ஆரம்பித்துவிடுவேன், அம்மா தொடையில் கிள்ளுவாள். கிள்ளிக் கிள்ளி அவள் கை ஓய்ந்ததே தவிர என் கால் ஓயவில்லை. அந்தக் கால் என்னை ஜெர்மனி வரைக்கும் கொண்டுபோய், இரண்டரை வருடம் நர்ஸ் படிப்புப் படிக்க வைத்து, மறுபடியும் எங்கள் கடற்கரைக்கே கொண்டுவந்து விட்டது. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. நாடு சுதந்திரமடைந்து பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது.

ஊர் தொண்டிக்கும் ராமநாதபுரத்துக்கும் நடுவில். சுற்றிலும் கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள், கடல் வியாபாரம் செய்த முஸ்லிம் குடும்பங்கள். அவர்களுக்கு நடுவே எங்கள் லுத்தரன் சபை, முப்பது முப்பத்தைந்து வீடு. ஓட்டுக் கூரைக் கோயில், அதை ஒட்டிப் பதினாறு கட்டில் ஆஸ்பத்திரி. ஜெர்மனியில் ரயில் வர ஒரு நிமிடம் தாமதமானால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இங்கே பஸ் கிளம்ப டிரைவர் டீ குடித்து, அந்தக் கிளாஸையும் கழுவி வைக்க வேண்டும். வந்த ஆறு மாதத்தில் எனக்குப் பைத்தியம் பிடிக்காமல் இருந்ததற்கு ஒரே காரணம் அந்த ரேடியோ நிகழ்ச்சி.

அது சிஸ்டரம்மாவின் யோசனை. சிஸ்டரம்மா எங்கள் தலைமை நர்ஸ், ஜெர்மன்காரர், ஐம்பதைத் தாண்டியவர். யுத்தத்துக்கு முன்னாலேயே இந்தப் பக்கம் வந்தவர். தமிழை வேதாகமத்தை வைத்தே படித்தவர் என்பதால் பேச்சும் அப்படியே இருக்கும். "இந்தப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டுபோய்ச் சுத்திகரிப்பாயாக" என்பார். புதிதாக வரும் நோயாளிகள் மிரண்டுபோவார்கள், ஏதோ சாபம் விடுகிறார் என்று.

ஜெர்மனியில் ஒரு சபையார் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு டேப் ரெக்கார்டர் அனுப்பியிருந்தார்கள். சாம்பல் நிறப் பெட்டி, தூக்க இரண்டு ஆள் வேண்டும். கொழும்பு வானொலியில் மாதத்துக்கு ஒருமுறை, கடைசி ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்குக் கால்மணி நேரம் எங்களுக்குக் கிடைத்தது. ஜெர்மன் பேசுகிறவர்களுக்கான கிறிஸ்தவ நிகழ்ச்சி. "யார் கேட்பார்கள்?" என்று ஐயர் கேட்டார். ஐயர் என்றால் எங்கள் சபையில் பாதிரியார். சிஸ்டரம்மா விரல் விட்டுச் சொன்னார். வடக்கே தொழிற்சாலை கட்ட வந்திருக்கும் எஞ்சினியர்கள், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இருக்கும் இரண்டொரு குடும்பங்கள், இந்தக் கடலில் போகிற வருகிற கப்பல்களில் வேலை செய்பவர்கள். கப்பல்களைச் சொல்லும்போது மட்டும் விரலை மடக்காமல் அப்படியே வைத்திருந்தார். அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எழுதுவது அவர், வாசிப்பது நான். "நீங்களே வாசித்தால் என்ன, உங்கள் பாஷைதானே?" என்று கேட்டேன். "என் குரல் பிரயோஜனப்படாது" என்றார். என் குரல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு ரொம்ப நாள் உச்சி குளிர்ந்து திரிந்தேன்.

எக்ஸ்ரே அறையில்தான் ஒலிப்பதிவு. ஜன்னலில் மெத்தையைச் சாய்த்துவைத்து, மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தினால் பத்து நிமிடத்தில் புடவை முதுகோடு ஒட்டிவிடும். வெளியே காக்கா கரைந்தால் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். வாசிப்பு முடிந்ததும் சபையார் கூடி ஒரு ஞானப்பாட்டுப் பாடுவார்கள், தமிழில்தான். மெட்டு ஜெர்மன் மெட்டு, இழுவை எங்கள் ஊர் இழுவை. முடிந்த டேப்பை டப்பாவில் வைத்து, துணி சுற்றித் தைத்து, ராமநாதபுரத்தில் ரயிலேறித் தனுஷ்கோடிக்கு நானே கொண்டுபோவேன். தபாலில் அனுப்பலாம் என்று ஐயர் எத்தனையோ தரம் சொன்னார். நான் கேட்கவில்லை, எனக்கு ஊரைவிட்டு எங்காவது போயாக வேண்டும்.

தனுஷ்கோடித் துறையில் சுங்க அதிகாரி ஒருவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

"இதுக்குள்ள என்னம்மா இருக்கு?"

"பிரசங்கம் சார்."

"எங்க, சொல்லுங்க பாப்போம்."

அந்த மாதப் பிரசங்கத்தை முழுதாகத் தமிழில் சொன்னால்தான் முத்திரை குத்துவார். இரண்டாம் வருடம் அவரே, "போன மாசம் காணாமப் போன ஆட்டைப் பத்திச் சொன்னீங்க, கிடைச்சிருச்சா?" என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டார். எங்கள் பிரசங்கங்களை ஒன்று விடாமல் கேட்டு, புரிந்துகொண்ட ஒரே மனிதர் அவர்தான் என்று நினைக்கிறேன். முத்திரை விழுந்ததும் டப்பா தலைமன்னார் கப்பலில் ஏறும். கப்பல் நகரும்வரைக்கும் நான் நிற்பேன். நானும் ஏறிவிட்டால் என்ன என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும். என் குரல் போகிறது, நான் திரும்பிப் போகிறேன் என்று எரிச்சலோடு ஸ்டேஷனுக்கு நடப்பேன்.

நிகழ்ச்சி வரும் ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி வராந்தாவில் ரேடியோவை வைப்போம். ஏரியல் கம்பி பூவரச மரத்தில் கட்டியிருக்கும். சபையே வந்து உட்காரும். ஒருவருக்கும் ஒரு வார்த்தை புரியாது. கடைசியில் தங்கள் பாட்டு வருவதற்காகப் பதினொரு நிமிடம் பொறுமையாகக் காத்திருப்பார்கள். பாட்டு வந்ததும் யார் சுருதி தப்பினார்கள் என்று அடுத்த ஞாயிறு வரைக்கும் பேச்சு.

ஆனால் கடிதம் வரவில்லை. நிகழ்ச்சியின் முடிவில் ஒவ்வொரு மாதமும் எங்கள் முகவரியை இரண்டு தடவை வாசிப்பேன். எழுதுங்கள், யார் கேட்கிறீர்கள் என்று சொல்லுங்கள் என்று கெஞ்சுவேன். தபால்காரர் காலை பதினொரு மணிக்குச் சைக்கிளில் வருவார். அந்த நேரத்துக்கு வராந்தாவில் நாங்கள் இரண்டு பேர் நிற்போம், நானும் சிஸ்டரம்மாவும். நோயாளிகளைப் பார்ப்பதுபோல நான் பாவனை செய்வேன், அவர் அதுகூடச் செய்ய மாட்டார். மருந்துக் கம்பெனி விளம்பரம் வரும், மிஷன் சுற்றறிக்கை வரும். இரண்டு வருடத்தில் ஒரு நேயர்கூட ஒரு கார்டு போடவில்லை. கிணற்றுக்குள் பேசுகிறேனா என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

சிஸ்டரம்மா நின்றதற்குக் காரணம் வேறு. அவருக்கு ஒரு தம்பி இருந்தார், கப்பலில் எஞ்சின் வேலை. யுத்தம் முடிந்து தகப்பனார் இறந்தபோது வீட்டை விற்பதில் அக்காவுக்கும் தம்பிக்கும் வாய்ச்சண்டை கடிதத்திலேயே முற்றிவிட்டது. கொழும்புத் துறைமுகத்திலிருந்து தம்பி ஒரு கார்டு போட்டிருந்தார், இனி எனக்கு எழுதாதே என்று. அதோடு சரி. ஒன்பது வருடம். ஜெர்மனிக்குத் திரும்பும்படி மிஷன் இரண்டு தடவை எழுதியும் சிஸ்டரம்மா போகவில்லை. கொழும்புக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம் என்று ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும்.

இங்கே எங்கள் சபையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஐயரிடம் ஒரு ஜெபப் புத்தகம் இருந்தது, கோடு போட்ட சாதாரண நோட்டு. அதன் இடதுபக்கம் கடல்மேல் இருப்பவர்களின் பெயர்கள், வலதுபக்கம் அந்த வருடம் மரித்தவர்களின் பெயர்கள். இடதுபக்கத்தை ஞாயிறுதோறும் வாசிப்பார். வலதுபக்கத்தை வருடத்தில் ஒரே நாள், நவம்பர் கடைசியில் வரும் மரித்தோர் ஞாயிறு அன்று வாசிப்பார். ஒருவர் கடலுக்குப் போய்த் திரும்பாவிட்டால் பெயர் இடதுபக்கத்திலேயே இருக்கும். அதை வலதுபக்கம் மாற்ற ஐயருக்கே அதிகாரம் கிடையாது. அந்த வீட்டு மனுஷி தன் வாயால் வந்து, "பேர மாத்தி வாசிங்க" என்று சொல்ல வேண்டும். மனைவியாக இருந்தால் அந்த ஞாயிறு தாலியைக் கழற்றிக் காணிக்கைத் தட்டில் வைப்பாள். அதற்குப் பிறகு யாரும் அவளிடம், வந்துவிடுவார் என்று ஆறுதல் சொல்லக்கூடாது. இடமிருந்து வலம் போன பெயர்கள் உண்டு, வலமிருந்து இடம் திரும்பி வந்த பெயர் அந்த நோட்டில் கிடையாது.

எங்கள் ஆஸ்பத்திரி ஆயாவின் புருஷன் பெயர் ஐந்து வருடமாக இடதுபக்கத்தில் இருந்தது. தொண்டிக்குப் பக்கத்துக் காரங்காட்டுக்காரர். கருவாடு ஏற்றிக்கொண்டு இலங்கைக் கரைக்குப் போன வள்ளத்தில் போனவர். வள்ளமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. முழுகிப்போனது என்று சிலர் சொன்னார்கள். இல்லை, மன்னார் பக்கம் வேறு குடும்பமாக இருக்கிறார் என்று சிலர் சொன்னார்கள். இரண்டில் எது நல்லது என்று ஆயாவுக்கே தெரியவில்லை. ஞாயிறுதோறும் அந்தப் பெயர் வரும்போது மட்டும் முக்காட்டைச் சரிசெய்துகொள்வாள். என்னைவிட எட்டு வயது மூத்தவள், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

அந்த வருடம் அக்டோபரில் சிஸ்டரம்மா ஐயரிடம் வந்து சொன்னார். "என் சகோதரனுடைய நாமத்தை மரித்தோரோடே வாசிக்கக் கேட்டுக்கொள்கிறேன். இங்கேயும் வேண்டும், வானொலியிலும் வேண்டும்."

ஐயர் பேனாவை மூடிவைத்தார். "ஏதும் தகவல் வந்துச்சாம்மா?"

"வரவில்லை. நானே சொல்லுகிறேன்."

வழக்கப்படி அதற்கு மேல் கேள்வி கிடையாது. ஐயர் எழுதிக்கொண்டார்.

எனக்குத் தாங்கவில்லை. இத்தனை வருடம் வராந்தாவில் நின்ற மனுஷி எப்படி இப்படி ஒரே நாளில் விட்டுவிட முடியும்? மறுநாள் வானொலிக்கான தாளைக் கொடுத்தார். பெயர், கப்பல் எஞ்சின் பணியாளர், இன்ன ஊரில் பிறந்தவர், கடலில் காணாமற்போனவர். ஊரைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. சிஸ்டரம்மாவின் தகரப் பெட்டி மூடியில் அவர் பெயரும் பிறந்த ஊரும் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கும். இது அந்த ஊர் இல்லை.

"ஊர் தப்பாக இருக்கிறதே" என்றேன்.

"எழுதியிருக்கிறபடியே வாசிப்பாயாக."

"அக்காவும் தம்பியும் வேறு வேறு ஊரிலா பிறந்தீர்கள்?"

"எழுதியிருக்கிறபடியே" என்றார் மறுபடியும், இந்தத் தடவை ஜெர்மனில். அந்தக் குரலில் சொன்னால் டாக்டரே வாயை மூடிக்கொள்வார். துக்கத்தில் இருக்கிறார், போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஆயாவும் ஐயர் வீட்டுக்குப் போனாள். என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வாசல் வரை பேசாமல் வந்தவள் படியேறும் முன் நின்றாள்.

"சிஸ்டரம்மாவே குடுத்துட்டாங்க நர்சம்மா. அவுக படிச்சவுக, நாலு ஊரு பாத்தவுக. அவுகளுக்கே நம்பிக்கை இல்லையின்னா நான் எதை வச்சுக்கிட்டு இங்கன உக்காந்திருக்கேன்?"

உள்ளே போய், "ஐயரே, அவுக பேர மாத்தி வாசிங்க" என்றாள். ஐயர் நோட்டைத் திறந்தார். நான் முற்றத்துக் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தடுத்திருக்க வேண்டும் என்று பிற்பாடு எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன். எந்தக் காரணத்தைச் சொல்லித் தடுத்திருப்பேன் என்றுதான் தெரியவில்லை.

நவம்பர் முதல் வாரம் ஒலிப்பதிவு செய்தோம். மழைக்காலம். ஓட்டில் தூறல் விழும் சத்தம் நிற்கும்வரை காத்திருந்து காத்திருந்து மூன்று நாளில் முடித்தேன். சிஸ்டரம்மாவின் தம்பி பெயரை வாசிக்கும்போது என் குரல் நடுங்கியது. திரும்ப வாசிக்கட்டுமா என்று கேட்டேன், நன்றாகத்தான் இருக்கிறது, அப்படியே இருக்கட்டும் என்றார்.

மரித்தோர் ஞாயிறு அன்று கோயிலில் பெயர்கள் வாசிக்கப்பட்டன. காணிக்கைத் தட்டு ஆயாவிடம் வந்தபோது அவள் புடவைத் தலைப்புக்குள் கையை விட்டுத் தாலிக் கயிற்றைத் தலைவழியே எடுத்து வைத்தாள். தட்டில் சில்லறைமேல் அது விழுந்த சத்தம் பின் வரிசை வரைக்கும் கேட்டது. நான் அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன். ஆராதனை முடிந்ததும் பெண்கள் எல்லோரும் வழக்கப்படி முதலில் ஆயாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், பிறகு சிஸ்டரம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். சிஸ்டரம்மா கம்பம் மாதிரி நின்றார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. வெள்ளைக்காரர்கள் உள்ளுக்குள்ளேயே அழுவார்கள் என்று ஒருத்தி எனக்கு விளக்கம் சொன்னாள்.

அன்று நாலு மணிக்கு ரேடியோ முன்னால் உட்கார்ந்தோம். சிஸ்டரம்மா உட்காரவில்லை. வராந்தாவில் மேலும் கீழும் நடந்தார். தம்பியின் பெயர் வந்தபோது சட்டென்று நின்று, ஊர் பெயர் வரும்வரை தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு மறுபடியும் நடந்தார்.

டிசம்பர் போயிற்று, ஜனவரி போயிற்று. ஆயா வெள்ளைப் புடவையில் தரையைத் துடைத்தாள். அவள் கழுத்தை நேராகப் பார்க்க என்னால் முடியவில்லை, அவள் குனிந்திருக்கும்போதே பேசிவிட்டுப் போவேன். ஆயா பதினொரு மணிக்குத் தலையைக்கூடத் தூக்கமாட்டாள். சிஸ்டரம்மாவோ பத்தரைக்கே வராந்தாவுக்கு வந்துவிடுவார். தபால்காரர் சைக்கிளை நிறுத்தும் முன்பே படியிறங்கிப் போவார். எனக்கு இது குடைந்துகொண்டே இருந்தது. தம்பி செத்துவிட்டார் என்று ஊரறியச் சொல்லிவிட்டவர் தபாலுக்கு ஏன் இப்படித் தவிக்க வேண்டும்? கேட்கத் தைரியம் வரவில்லை. ராத்தூக்கம் கெட்டு, ஊசி போடும்போது இரண்டு தடவை மருந்துக் குப்பியை மாற்றி எடுத்துத் திட்டு வாங்கினேன்.

பிப்ரவரியில் ஒரு நாள் சிஸ்டரம்மா பிரசவ அறையில் இருந்தபோது தபால் வந்தது. அயல்நாட்டு உறை, முத்திரை கலங்கிப்போய் எந்தத் துறைமுகம் என்று படிக்க முடியவில்லை. நிகழ்ச்சியின் பெயருக்கு வந்திருந்தது. எங்கள் முதல் நேயர் கடிதம். நிகழ்ச்சிக் கடிதத்தைப் பிரிக்கும் உரிமை எனக்கு உண்டு என்று எண்ணிப் பிரித்துவிட்டேன்.

நாலே வரி. நவம்பர் மாத நிகழ்ச்சியில் என் பெயரை வாசித்தீர்கள். நான் பிறந்தது நீங்கள் சொன்ன ஊரில் அல்ல. அது ஆற்றுக்கு அந்தப் பக்கம், என் ஊர் இந்தப் பக்கம். திருத்திக்கொள்ளவும்.

கீழே கையெழுத்து. முகவரி இல்லை. நான் உயிரோடு இருக்கிறேன் என்ற வார்த்தைகூட இல்லை.

பிரசவ அறைக் கதவைத் திறந்து அந்தக் காகிதத்தை நீட்டினேன். குழந்தை பிறந்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. சிஸ்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டு படித்தார். பிறகு சிரித்தார். நான் அவரிடம் வேலை பார்த்த காலத்தில் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. கட்டிலில் கிடந்த தாய் தன் பிள்ளையைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று தானும் சிரித்தாள்.

வெளியே வந்ததும் ஜெர்மனில் எல்லாவற்றையும் சொன்னார். செத்துப்போனதாகச் சொன்னால் அவன் சும்மா இருந்துவிடுவான், நிம்மதி என்றுகூட நினைப்பான். ஆனால் எதிர்க்கரை ஊர்க்காரன் என்று சொன்னால் பொறுக்கவே மாட்டான். சின்ன வயதிலிருந்தே அப்படி. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் ஊரைத் தப்பாகச் சொன்னார் என்று அடி வாங்கிக்கொண்டே திருத்தியவன்.

பரமக்குடிக்காரரை மானாமதுரைக்காரர் என்று சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் உடனே புரிந்தது. நானும் சிரித்துவிட்டேன்.

"அப்படியானால் இந்த நிகழ்ச்சியே?" என்றேன்.

"அவனுக்காகத்தான். என் குரலைக் கேட்டால் அணைத்துவிடுவான். அதற்காகத்தான் நீ."

எஞ்சினியர்கள், தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்கள், ஜெர்மன் பேசும் நேயர்கள் என்று நாங்கள் சொன்னதெல்லாம் ஒரே ஒரு ஆள். இரண்டு வருடமாக அந்த ஒரு ஆளுக்காக நான் வியர்த்து வழிந்திருக்கிறேன். அதுகூட எனக்கு வருத்தமில்லை. அடுத்த கணம்தான், அறைக்குள்ளிருந்து துணி வாளியைத் தூக்கிக்கொண்டு ஆயா வெளியே வந்து எங்களைக் கடந்து போனாள்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "உங்களைப் பார்த்துத்தானே அவள் கழற்றினாள்" என்று கத்திவிட்டேன். தலைமை நர்ஸிடம் அப்படிக் கத்தினால் வேலை போய்விடும் என்பதெல்லாம் நினைவில் இல்லை.

சிஸ்டரம்மாவின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. "அவளை நான் நினைக்கவில்லை" என்றார். "என் சகோதரனை மட்டுமே நினைத்தேன்."

அவரே ஆயாவிடம் போனார், நான் பின்னாலேயே போனேன். ஆயா கொல்லைப்புறத்தில் துணிகளை வெந்நீரில் முக்கிக்கொண்டிருந்தாள். சிஸ்டரம்மா அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். "உனக்கு விரோதமாகப் பாவஞ்செய்தேன்" என்று தன் தமிழில் ஆரம்பித்தார். தம்பி உயிரோடு இருப்பதையும், பெயர் கொடுத்தது தந்திரம் என்பதையும் ஒன்றும் ஒளிக்காமல் சொன்னார். ஆயா குச்சியால் துணியைக் கிண்டிக்கொண்டே கேட்டாள்.

"உசுரோட இருக்காகளா? சந்தோசம் சிஸ்டரம்மா" என்றாள். பிறகு அடுப்பில் இன்னொரு விறகைத் தள்ளினாள். அவள் ஒரு வார்த்தை ஏசியிருந்தால் எங்கள் இருவருக்கும் நன்றாக இருந்திருக்கும்.

ஐயர் ஏசினார். பலிபீடத்தை வைத்தா இந்த விளையாட்டு என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை சிஸ்டரம்மா சபைக்கு முன் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். அதன் பிறகு ஐயர் அந்த நோட்டைத் திறந்து, வலதுபக்கம் ஒரு பெயரை அடித்து, இடதுபக்கம் எழுதினார். எழுதும் முன் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார், எங்கே எழுதுவது என்று தெரியாதவர்போல. இடதுபக்கத்தைச் சத்தமாக வாசித்தபோது கடைசியில் ஜெர்மன் பெயர் வந்தது. சபை முழுவதும் ஆயாவைத் திரும்பிப் பார்த்தது. அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள், பழைய மாதிரியே.

அடுத்த நிகழ்ச்சியில் திருத்தம் வாசிக்க வேண்டும். சிஸ்டரம்மா எழுதிக் கொடுத்தார், சரியான ஊர், ஆற்றுக்கு இந்தப் பக்கம். பதிவு அன்று மெத்தையைச் சாய்த்து, விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தப் போனபோது ஆயா கையில் துடைப்பத்தோடு உள்ளே வந்து நின்றாள். பெருக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"நர்சம்மா, இந்தப் பெட்டியில பேசுறது மன்னார் பக்கம் கேக்குமா?"

"கேக்கும்க்கா. ஆனா ஜெர்மன்ல இருக்கும். யாருக்கும் புரியாது."

"பேரு எந்தப் பாசையில சொன்னாலும் பேருதான?"

ஆமாம் என்றேன். அவள் என்ன கேட்கப் போகிறாள் என்று தெரிந்துவிட்டது.

"அவுக பேர ஒரு தடவை வாசிங்க. காரங்காடுன்னு சொல்லாதீக. தொண்டிக்காரருன்னு சொல்லுங்க. அவுகளுக்கு ரோசம் சாஸ்தி."

அவர் கடலுக்கு அடியில் இருந்தால், அல்லது இன்னொருத்தியோடு மன்னாரில் இருந்தால், அல்லது ரேடியோவே இல்லாத ஒரு குடிசையில் இருந்தால், என்று எனக்குள் நூறு கேள்வி. ஒன்றையும் கேட்கவில்லை. ஐயரிடம் அனுமதியும் வாங்கவில்லை. சிஸ்டரம்மாவைப் பார்த்தேன். அவர் என் கையிலிருந்த தாளை வாங்கி, திருத்தத்துக்குக் கீழே அந்தப் பெயரைத் தானே எழுதினார். ஊர் என்ற இடத்தில் தொண்டி என்று எழுதினார்.

வாசித்தேன். காக்கா கரையவில்லை, ஒரே தடவையில் முடிந்தது. தனுஷ்கோடியில் அந்தச் சுங்க அதிகாரி வழக்கம்போல, இந்த மாசம் என்னம்மா என்று கேட்டார். காணாமப் போனவங்களைப் பத்தி சார் என்றேன். முத்திரை குத்திக் கொடுத்தார்.

டேப் போய் நிகழ்ச்சி வந்த மறுநாள், திங்கட்கிழமை, பதினொரு மணிக்கு வழக்கம்போல வராந்தாவுக்கு வந்தேன். சிஸ்டரம்மா ஏற்கெனவே படியில் நின்றார். அவருக்கு ஓர் அடி தள்ளி, ஈரத் துணியைக் கையில் பிழிந்தபடி ஆயா நின்றாள். தபால்காரரின் சைக்கிள் வளைவில் திரும்பியபோது அங்கே நாங்கள் மூன்று பேர் இருந்தோம்.